லாஞ்ச் நீலத்தில் ஒரு கித்தார்

மே மாதம் பிறந்துவிட்டால் ஜங்லிகாட்டில் எல்லாரும் ஏணியைத் தேடுவார்கள். தகரக் கூரையின் ஓட்டைகளை மழைக்கு முன்னால் அடைத்தாக வேண்டும். செபஸ்தியான் வீட்டில் மட்டும் கூரை இரண்டாவது வேலைதான். முதல் வேலை, சுவரில் தொங்கும் கித்தார்களின் தந்திகளைத் தளர்த்துவது.

அது லூசியின் பொறுப்பு. அந்தமான் மழையின் ஈரம் சுவரைத் தாண்டி, துணியைத் தாண்டி, மரத்துக்குள்ளேயே இறங்கிவிடும். கித்தாரை ஒட்டியிருக்கும் பசை இளகும். அந்த நேரத்தில் தந்திகள் விறைப்பாக இருந்தால் கழுத்து வளைந்துபோகும். ஆகவே ஒவ்வொன்றாக இறக்கி, தந்தியைத் தளர்த்தி, கம்பியில் தையல் மெஷின் எண்ணெய் தடவி, பெரிய மர அலமாரிக்குள் நிறுத்துவாள். அலமாரிக்குள் ஒரு சின்ன பல்பு மழைக்காலம் முழுக்க எரியும். மின்சாரம் போனால் லூசிக்குத் தூக்கம் போகும்.

கித்தார் எதுவும் அவளுடையது அல்ல. அவளுக்கு வாசிக்கவும் தெரியாது. அவற்றை வாங்கிச் சேர்க்கிற செபஸ்தியானுக்கும் தெரியாது. அவர் மரைன் டாக்யார்டில் பெயிண்டர். பகலெல்லாம் அரசாங்க லாஞ்சுப் படகுகளுக்கு நீலமும் வெள்ளையும் அடிப்பார், கப்பல் வந்தால் வேலை முடிந்த கையோடு ஜெட்டிக்குப் போய், "கித்தார் இருக்கா? யாரும் வச்சிருக்காத மாதிரி கித்தார்?" என்று மாலுமிகளைக் கேட்பார். கித்தார் பைத்தியம் என்று துறைமுகத்தில் அவருக்குப் பெயர்.

அப்படி வந்து சேர்ந்தவைதான் எல்லாம். ஜப்பானியக் கப்பலின் வயர்லெஸ்காரர் கொடுத்த மின்சாரக் கித்தார் ஒன்று. அதில் இருந்த பித்தான்களையும் சுவிட்சுகளையும் பார்த்தால் விமானமே ஓட்டலாம் போலிருக்கும். செக்கோஸ்லோவாக்கியாவில் செய்து, முத்துச்சிப்பி போல மினுங்கும் பிளாஸ்டிக் போர்த்தியது இன்னொன்று. மடியில் படுக்கவைத்து வாசிக்கும் ஹவாய்க் கித்தார். மாயாபந்தரில் ஒரு கரேன் தச்சர் படாக் மரத்தில் குடைந்த சிவப்புக் கித்தார்; தூக்கினால் தோள் வலிக்கும். கல்கத்தா ஓட்டல் ஒன்றில் வாசித்த கிழவர் விற்ற ஜெர்மன் ஆர்ச்டாப். வயலினைப் போல வயிறு புடைத்து, இரண்டு பக்கமும் வளைந்த துளையோடு இருக்கும். மின்சாரக் கித்தாருக்கு வேண்டிய ஒலிபெருக்கி வீட்டில் இல்லாததால் செபஸ்தியான் ரேடியோவின் முதுகில் கம்பியைச் செருகி, ஒரு தந்தியைச் சுண்டுவார். அடுத்த தெரு நாய் குரைக்கும். திருப்தியாகத் தலையாட்டி மறுபடி மாட்டிவிடுவார்.

"அரிசி டின்னு வைக்க இடமில்ல, சுவரெல்லாம் கித்தாரு" என்பாள் அவர் மனைவி ரீத்தா. "நான் செத்தா பெட்டி தேட வேண்டாம். அந்தச் செவப்புக் கித்தாருக்குள்ள வச்சே அடக்கம் பண்ணிருங்க."

"நீ அதுக்குள்ள கொள்ள மாட்ட" என்பார் செபஸ்தியான்.

சிரிப்பு இருந்த வீடுதான். ஆனால் எந்தக் கித்தாரை வாங்கப் போனாலும், விலையைக் கேட்கும் முன் செபஸ்தியான் ஒரு கேள்வி கேட்பார். "கஸ்பார்னு ஒருத்தன். தூத்துக்குடிக்காரன். ரங்கூன்ல ஓட்டல் பேண்டுல வாசிச்சான். பாத்திருக்கியா?"

கஸ்பார் அவருடைய தம்பி. லூசியின் கணவன்.

கல்யாணமான மறு வருஷம், அறுபத்தொன்றில், தன் ஆர்ச்டாப் கித்தாரை எடுத்துக்கொண்டு கல்கத்தா போனான் கஸ்பார். அங்கிருந்து ரங்கூன். கடிதம் வந்தது, பணமும் வந்தது. பிறகு பர்மாவில் ஆட்சி மாறியது, ஓட்டல்கள் இருண்டன, கடிதம் நின்றது. பர்மாவிலிருந்து தமிழர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பியபோது செபஸ்தியான் மெயின்லேண்ட் வரைக்கும் போய் விசாரித்தார். ஒன்றும் தெரியவில்லை. கித்தார் வாசிக்கிறவனைப் பற்றிக் கித்தார் வாசிக்கிறவனுக்குத்தான் தெரியும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. கேட்கப் போன இடத்தில் கையிலிருந்த கித்தாரை வாங்கிவருவதும் அப்படித்தான் ஆரம்பித்தது. கஸ்பார் திரும்பி வந்தால் வாசிக்கட்டும் என்று சுவரில் ஆணி அடித்தார்.

லூசிக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. கழுத்தில் தாலி இருக்கிறது. கணவன் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை.

அந்த எழுபத்திரண்டாம் வருஷம் அவளுக்கு ஒரு பதில் அவசரமாக வேண்டியிருந்தது. காரணம் தொம்மை.

தொம்மை மரைன் லாஞ்சு ஓட்டும் செராங். மனைவியை இழந்தவன், பத்துபஸ்தியில் தனியாக இருந்தான். செபஸ்தியானோடு பேச வருகிற சாக்கில் வருவான். லூசி காப்பி கொண்டுவந்து வைத்தால் தம்ளரைப் பார்த்துத்தான் நன்றி சொல்வான். இரண்டு வருஷம் இப்படித் தம்ளரோடு பேசியவன், போன வருஷம் ஒருநாள் ரீத்தாவிடம் நேராகவே கேட்டுவிட்டான். ரீத்தா லூசியைக் கேட்டாள். லூசி மறுநாள் காலையில், "சரிக்கா" என்றாள்.

பங்குச் சாமியார் ராஞ்சிப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். இந்தியில் பொறுமையாக எடுத்துச் சொன்னார். கஸ்பார் இறந்தான் என்பதற்குச் சாட்சி வேண்டும். எத்தனை வருஷம் காணாமல் போனாலும், சாட்சி இல்லாமல் அவளுக்கு இன்னொரு கல்யாணம் கோயிலில் கிடையாது. கண்ணால் பார்த்தவர் ஒருவர் வந்து சொன்னால் போதும். சாமியாரே ஆயருக்கு எழுதி அனுமதி வாங்கித் தருவார்.

அதற்குள் தொம்மைக்குக் காம்பெல் பேவுக்கு மாற்றல் வந்துவிட்டது. தீவுகளின் தெற்குக் கடைசியான பெரிய நிக்கோபாரில் இருப்பது. புதிதாகக் குடியேற்றம் நடக்கிற இடம், ஒருமுறை போனால் திரும்பிவரக் கப்பல் கிடைப்பதே அபூர்வம். வருகிற வெள்ளிக்கிழமை புறப்பட வேண்டும்.

"அண்ணாச்சி, இம்புட்டுக் கித்தாரு வாங்கியிருக்கிய. இதுல ஒருத்தனுக்குக்கூடவா கஸ்பாரப் பத்தித் தெரியல?" என்று போன வாரம் தொம்மை கேட்டபோது, செபஸ்தியான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். மனம் தாங்காமல் போகிறார் என்று லூசி நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வானம் கறுத்தது. ரீத்தா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். செபஸ்தியான் கூரைத் தகரத்துக்கு ஆணி வாங்க அபர்தீன் பஜார் போயிருந்தார். லூசி பாயை விரித்து, கித்தார்களை ஒவ்வொன்றாக இறக்கினாள்.

கடைசியில் நீலக் கித்தார்.

போன டிசம்பரில் வந்தது. இதுவும் ஆர்ச்டாப்தான், ஆனால் மின்சாரம் சேர்த்தது. புடைத்த வயிற்றில் துளை போட்டு ஒரு கறுப்புப் பெட்டியும் இரண்டு குமிழ்களும் பொருத்தியிருந்தது. உடம்பு முழுக்க லாஞ்சுக்கு அடிக்கிற நீலப் பெயிண்ட். வந்த நாளிலிருந்தே லூசிக்கு அது பிடிக்கவில்லை. மற்றக் கித்தார் வந்தால் செபஸ்தியான் சோற்றைப் பிசைந்துகொண்டே அதன் கதையைச் சொல்வார். யார் கொடுத்தான், எந்த ஊரில் வாசித்தான், கஸ்பாரைப் பற்றிக் கேட்டதற்கு என்ன சொன்னான் என்று. இதைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, "சாத்தாம்ல ஒருத்தன் குடுத்தான்" என்றதோடு சரி. வயிற்றின் வளைவைப் பார்த்தபோது அவளுக்கு ஒரு கணம் திடுக்கென்றிருந்தது உண்மை. ஆனால் கல்கத்தாக் கடைகளில் இப்படி எத்தனையோ செய்கிறார்கள். கஸ்பாருடையது தேன் நிறம்.

இந்த வகைக் கித்தாரில் ஒரு விசேஷம் உண்டு. தந்திகளைத் தாங்குகிற குதிரை என்னும் மரக்கட்டையை ஒட்டியிருக்க மாட்டார்கள். தந்திகளின் அழுத்தத்தில் மட்டும்தான் அது நிற்கும். தந்தி தளர்ந்தால் கையோடு வந்துவிடும். திரும்ப வைக்கும்போது இம்மி நகர்ந்தாலும் சுருதி சேராது. ஆகவே லூசி தளர்த்துமுன் குதிரையின் கால்களைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுவாள். இது செபஸ்தியானுக்குத் தெரியாது. கித்தாரைக் கொண்டுவருவது அவர், காப்பாற்றுவது அவள்.

கோடு போட்டாள். முறுக்காணிகளைத் திருப்பினாள். குதிரை கழன்று வந்தது.

அதன் இரண்டு கால்களும் இருந்த இடத்தில் நீலம் இல்லை. கதவின் கீலை விட்டுவிட்டுச் சுற்றிலும் பெயிண்ட் அடிப்பார்களே, அப்படி அடித்திருந்தது. கீல் மாதிரி இதுவும் கழலாது என்று அடித்தவர் நினைத்திருக்கிறார். நீலத்துக்கு நடுவே விரல் நகமளவு இரண்டு ஜன்னல் போல, தேன் நிற வார்னிஷ் தெரிந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் ஊசித் துளை.

லூசி ஒரு துளையை நகத்தால் தொட்டாள்.

கல்யாணமான புதிது. குதிரை நகர்ந்து நகர்ந்து கஸ்பாரை எரிச்சல்படுத்திக்கொண்டிருந்தது. "உன் சேலையில குத்தியிருக்க ஊக்க எடு" என்றான். அதை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, பலகையில் இரண்டு துளை போட்டான். மூங்கில் சிம்பைச் சீவித் துளையில் இறக்கி, அதன்மேல் குதிரையை உட்கார வைத்தான். அவள்தான் கித்தாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். புகைந்த வார்னிஷின் நெடி மூக்கில் ஏறி அவள் தும்ம, "மரத்துக்குக் குத்துனா உனக்கு ஏன் தும்மல் வருது?" என்று அவன் சிரித்தான்.

குதிரையைத் திருப்பினாள். காலுக்கு ஒன்றாக மூங்கில் சிம்பின் முனை, கறுத்துப்போய் அப்படியே இருந்தது.

கித்தாரைக் குப்புறக் கவிழ்த்தாள். முதுகின் கீழ்ப்பக்கம் கஸ்பார் ஆணியைக் காய்ச்சி இரண்டு பெயர் எழுதியிருந்தான். அந்த இடத்தில் விரலை ஓட்டினாள். பெயிண்டுக்கு அடியில் மரம் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது. டாக்யார்டில் பழைய பெயிண்டைச் சுரண்டுகிற தகட்டால் சுரண்டியிருக்கிறார்கள்.

கஸ்பார் இதை விற்றிருந்தால், யாரிடமாவது விட்டுப் போயிருந்தால், அந்தச் செய்தியோடு செபஸ்தியான் ஜங்லிகாட் முழுக்க ஓடியிருப்பார். 'என் தம்பி இருக்கான்' என்று மீன் சந்தையில் நின்று கத்தியிருப்பார். அவரோ பெயரைச் சுரண்டியிருக்கிறார். நீலம் அடித்திருக்கிறார். அப்படியென்றால்...

மழை தகரத்தில் கொட்டத் தொடங்கியது.

செபஸ்தியான் நனைந்து வந்து, தலையைத் துவட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தபோது, பலகையில் சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில் நீலக் கித்தார் கிடந்தது.

"இதென்னட்டி, மீன் கொழம்புக்குத் தொட்டுக்க கித்தாரா?" என்றாள் ரீத்தா.

லூசி சிரிக்கவில்லை. கழற்றிய குதிரையை அவர் தட்டில் வைத்தாள்.

"அத்தான், அவரு எப்பச் செத்தாரு?"

செபஸ்தியான் தட்டைப் பார்த்தார். கித்தாரைப் பார்த்தார். அந்த இரண்டு தேன் நிறக் கட்டங்களும் அவர் கண்ணில் பட்டபோது, துவட்டிய துண்டு கையிலிருந்து நழுவியது.

"அது... கழலும்னு எனக்குத் தெரியாதே" என்றார்.

"என்ன கழலும்? எவன் செத்தான்? ரெண்டு பேரும் என்ன பேசுதிய?" ரீத்தாவின் குரல் ஏறியது.

"இது அவரு கித்தாரு, அக்கா."

ரீத்தா கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

செபஸ்தியான் சொன்னார். துண்டு துண்டாக, சுவரைப் பார்த்துக்கொண்டு. டிசம்பரில் சாத்தாம் மர ஆலைக்கு மரம் ஏற்ற ஒரு கப்பல் வந்தது. அதில் சமையல் பண்டாரி ஒரு கோவாக்காரன், லோபோ என்று பெயர். வழக்கம்போலக் கேட்டார். கஸ்பார் என்றதும் அவன் எழுந்து உள்ளே போய் இந்தக் கித்தாரை எடுத்துவந்து வைத்தான். ரங்கூனில் வேலை போனபின் இருவரும் மௌல்மீனில் ஓர் அறையில் இருந்தார்கள். அரிசி ஆலையில் கூலி வேலை. அறுபத்தாறில் மஞ்சள் காமாலை. பதினைந்து நாள் படுக்கை. அங்கேயே கோயில் கல்லறையில் அடக்கம்.

"இவன்தான் பெட்டி தூக்குனானாம். வீட்டுக்காரங்க யாரையாவது பாத்தா குடுக்கணும்னு அஞ்சு வருஷமா ஒவ்வொரு கப்பலுக்கும் தூக்கிக்கிட்டு அலைஞ்சிருக்கான். காசு வேண்டாம்னுட்டான்" என்றார் செபஸ்தியான். "உங்க சாமியார்ட்ட வந்து சொல்லட்டுமா, குடும்பத்துக்குத் தேவைப்படுமேன்னு அவனாத்தான் கேட்டான்."

"நீங்க என்ன சொன்னிய?" என்றாள் லூசி.

அவர் கீழே கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

"அத்தான், என்ன சொன்னிய?"

"வேண்டாம்னுட்டேன். வீட்ல எல்லாருக்கும் தெரியும்னு சொல்லிட்டேன். மறுநாள் கப்பல் போயிருச்சி."

ரீத்தா எழுந்தாள். கரண்டி தரையில் விழுந்தது. "பாவி மனுசா! கூடப் பொறந்தவன் பேர எந்தக் கையால சொரண்டுனிய? ஒரு பொம்பள கெதி இல்லாம கண்ணு முன்னால நிக்கா, அவளுக்குச் சொல்ல வந்தவனத் தொரத்திவிட்டுட்டு, வீட்டுக்கு வந்து கொழம்பு ஊத்திச் சாப்புட்டிருக்கிய!"

"சொல்லணும்னுதான் கொண்டுவந்தேன்" என்றார் செபஸ்தியான். "டாக்யார்டு வரைக்கும் தூக்கிட்டு வந்தேன். அங்க வச்சிப் பாத்தேன். வீட்டுக்குள்ள கொண்டுபோனா அவன் செத்தவனாயிருவான். லூசி தொம்மை கூடப் போயிரும். போகக் கூடாதுன்னு இல்ல. அது இந்த வீட்ல இருக்க வரைக்கும் அவன் வாரதா இருந்துச்சி. இம்புட்டுக் கித்தாரும் அவன் வருவான்னுதானே... கையில பிரஷ் இருந்துச்சி. அடிச்சிட்டேன். துளை போட்டு கரண்டு பெட்டியும் மாட்டிட்டா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

"தூக்கி எறிஞ்சிருக்கலாம்ல கடல்ல!" என்றாள் ரீத்தா.

"அவன் கித்தார எப்பிடி எறிவேன்?" என்றார் அவர், உண்மையாகவே புரியாதவர் போல.

லூசி குனிந்து கரண்டியை எடுத்து வைத்தாள். "ஆறு மாசமா இத நான் தொடச்சி வச்சிருக்கேன், அத்தான். பிடிக்காமத் தொடச்சிருக்கேன். பெயிண்டு நாத்தம் அடிக்குன்னு மூஞ்சத் திருப்பிக்கிட்டுத் தொடச்சேன். நீங்க டாக்யார்டுலயே அழுது முடிச்சிருப்பிய. எனக்கு அழக்கூடக் குடுக்கலியே."

அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. லூசியும் அழவில்லை. வந்த அழுகை திரும்பிப் போனது. இத்தனை வருஷமாக அவள் அதை அப்படிப் பழக்கிவைத்திருந்தாள்.

மறுநாள் கித்தாரைத் தூக்கிக்கொண்டு மூவரும் சாமியாரிடம் போனார்கள். செய்தி கேட்டுத் தொம்மையும் வந்து கோயில் வாசலில் நின்றான். செபஸ்தியான் முழங்காலில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். சாமியார் அந்த லோபோ எங்கே என்று கேட்டார். தொம்மை பதில் சொன்னான். அவன் காலையிலேயே துறைமுகத்தில் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தான். அந்தக் கப்பல் பிப்ரவரியில் பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஆட்கள் கல்கத்தாவில் கணக்கு முடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிட்டார்கள். லோபோ என்ற பெயரில் கடலில் எத்தனையோ பேர்.

"இதில் அவர் பெயர் இருந்ததாமே, எங்கே?" என்று சாமியார் கித்தாரை வாங்கிப் புரட்டினார். நீலத்தைத் தவிர ஒன்றும் இல்லை. ஊசித் துளைகளை லூசி காட்டினாள். அவர் அவற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நான் நம்புகிறேன் மகளே" என்றார் இந்தியில். "ஆனால் என் நம்பிக்கை போதாது. மௌல்மீன் கோயிலுக்கு எழுதுகிறேன். பர்மாவிலிருந்து பதில் வர வருஷம் ஆகலாம். வராமலும் போகலாம்."

செபஸ்தியான் எழுந்திருக்கவில்லை. தொம்மைதான் அவர் தோளைப் பிடித்து எழுப்பினான். "எந்திரிங்க அண்ணாச்சி" என்றான்.

அன்றிரவு ரீத்தா தன் பெட்டியிலிருந்து துக்கத்துக்கு உடுத்தும் கறுப்புச் சேலை எடுத்து லூசியின் பாயில் வைத்தாள். "ஊருக்குச் சாமியாரு கடுதாசி வேணும். நமக்கு வேண்டாம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. ஹேடோ ஜெட்டியில் காம்பெல் பே போகும் கப்பலுக்கு மூட்டையும் கோழிக்கூடும் ஏறிக்கொண்டிருந்தன. குடியேறப் போகும் பஞ்சாபிப் பட்டாளத்துக் குடும்பங்கள் டிரங்குப் பெட்டிகள்மேல் உட்கார்ந்திருந்தன. லூசி கறுப்புச் சேலையில் வந்தாள். செபஸ்தியான் தூரத்தில், பழைய நங்கூரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அதைத் தாண்டி வரவில்லை.

தொம்மை கப்பல் படிக்கு அருகில் நின்றான். இந்த முறை தம்ளர் எதுவும் கையில் இல்லாததால் அவளையே பார்த்தான்.

"ஒண்ணு கேக்கட்டா? அப்பிடியே கூட வந்துரு. அங்க நம்மள யாருக்குத் தெரியும்? சர்தாருங்களும் பெங்காலிங்களும்தான். புருசன் பொண்டாட்டின்னா, 'அச்சா ஜி'ன்னுட்டுப் போயிருவாங்க."

"உங்களுக்குத் தெரியும்லா, எனக்கும் தெரியும்லா" என்றாள் லூசி. "ஏற்கெனவே பாதி பொண்டாட்டியா இருந்து பாத்தாச்சி. இன்னொரு தடவ பாதியா இருக்க எனக்குத் தெம்பில்ல."

அவன் தலையாட்டினான். கோபம் இல்லை. "அப்ப சாமியாருக்குப் பதில் வரட்டும். நான் காத்திருக்..."

"அத மட்டும் சொல்லாதிய." அவள் குரல் சட்டென்று உயர்ந்ததில், பக்கத்திலிருந்த கோழிகள்கூடச் சிறகடித்தன. "கோவிச்சிக்கிடாதிய. காத்திருக்கது என்னன்னு எனக்குத் தெரியும். முதல்ல ஆளுக்காகக் காத்திருப்போம். பெறகு கடுதாசிக்கு. பெறகு எதுக்குன்னே தெரியாது, பழக்கத்துக்குக் காத்திருப்போம். உங்களுக்கு நாப்பது வயசாச்சி. அங்க நல்ல பொம்பள யாராவது காப்பி கொண்டுவந்து வச்சா, தம்ளரப் பாக்காம மூஞ்சப் பாத்துப் பேசுங்க."

தொம்மை சிரிக்க முயன்றான். உதடு மட்டும் அசைந்தது. "பதில் வந்துட்டா?"

"வந்தா நானே கப்பலேறி வாரேன். அப்ப நீங்க தனியா இருந்தா பாப்போம். இல்லன்னா, உங்க வீட்ல ஒரு வாய் சோறு தின்னுட்டு அடுத்த கப்பல்ல திரும்பிருவேன்."

சங்கு ஊதியது. அவன் டிரங்குப் பெட்டியைத் தோளில் ஏற்றினான். ஏதோ சொல்ல நினைத்து, சொல்லாமல் படியேறினான். மேல்தட்டில் கூட்டத்துக்கு நடுவே இடம் பிடித்து, கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றான்.

கயிறு அவிழ்ந்தது. கப்பலுக்கும் ஜெட்டிக்கும் நடுவே தண்ணீர் ஒரு முழம், பிறகு ஓர் ஆள் நீளம் என்று அகலமானது. தொம்மை கையை உயர்த்தி ஆட்டினான்.

அப்போதுதான் லூசிக்கு அழுகை வந்தது. ஈரச் சிமென்டில் உட்கார்ந்துவிட்டாள். தொம்மைக்காக வந்ததாகத்தான் முதலில் அவளுக்கே தோன்றியது. ஆனால் கண் முன்னால் நின்றது வேறு ஒரு ஊர், அவள் பார்த்தே இராத ஊர். அரிசி ஆலையின் உமி பறக்கிற ஓர் அறை. மஞ்சளித்துப்போன ஒரு முகம். பக்கத்தில் அவள் இல்லாத பதினைந்து நாள். அவனுக்குக் கஞ்சி கொடுத்தது யார்? கடைசியில் அவன் எந்த மொழியில் தண்ணீர் கேட்டான்? தலையில் அடித்துக்கொண்டு, சாவு வீட்டில் அழுவதுபோல, சத்தம் போட்டு அழுதாள்.

செபஸ்தியான் நங்கூரத்தை விட்டு இரண்டு அடி எடுத்து வைத்தார். பிறகு தயங்கி நின்றுவிட்டார்.

ஜெட்டியில் வேர்க்கடலை விற்கிற பெங்காலிக் கிழவி கூடையை இறக்கிவிட்டு, லூசியின் முதுகைத் தடவினாள். இப்படி எத்தனை பேரை அவள் பார்த்திருப்பாள். "ரோ மத் பேட்டி, ரோ மத்" என்றாள். அழாதே மகளே. "ஆ ஜாயேகா." வந்துவிடுவான்.

"நஹி ஆயேகா, மா" என்றாள் லூசி. வரமாட்டார். பத்து வருஷத்துக்கு மேலாகத் தமிழில் ஒருமுறைகூட அவள் வாயிலிருந்து வராத சொல். "மர் கயா. மேரா ஆத்மி மர் கயா." செத்துப்போனார், என் புருஷன் செத்துப்போனார்.

கிழவியின் கை அவள் முதுகில் நின்றது. ஒன்றும் விளங்காமல் அவள் கடலைப் பார்த்தாள். கப்பல் ரோஸ் தீவின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. மேல்தட்டில் ஒரு மனிதன் இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.